ஒயரை எரிக்காமல் செம்பு எடுப்பது எப்படி?

பழைய இரும்புக்கடையில் தோலோடு கிடக்கும் ஒயருக்கு ஒரு விலை, உரித்த செம்புக்கு வேறு விலை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இருட்டிய பிறகு குளத்துக்கரையில் கேபிளைக் குவித்துத் தீ வைக்கிறார்கள்.

ஒயரின் தோல் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக் பிசின். அந்தப் பிசினின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பித் தொண்டையை அறுக்கும். அதைவிடக் கொடியது டையாக்சின் என்ற நச்சு. புகை 450 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை ஆறும்போது அது உருவாகிறது. அந்த வினையை முடுக்கிவிடுவதே செம்புதான்! இத்தனைக்கும் லாபமாவது உண்டா என்றால், செம்பு கருத்துப்போய் விலை இறங்குகிறது.

கயத்தாறு, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் ஓடுவது போன்ற தடித்த கேபிள் என்றால் வேலை சுலபம். உரிக்கும் மெஷினில் உருளைகள் கேபிளை உள்ளே இழுக்க, வட்டக் கத்தி தோலை நீளவாக்கில் கீறிவிடும். உலோகம் பளபளவென்று முழுசாக வெளியே வரும்.

சார்ஜர், டேபிள் ஃபேன் ஒயர்களை அப்படி உரித்துக் கட்டுப்படியாகாது. அவற்றைச் சில மில்லிமீட்டர் துணுக்குகளாக அரைத்து, காந்தத்தால் இரும்பை எடுத்துவிட்டு, சாய்வான சல்லடை மேசையில் கொட்டுகிறார்கள். மேசை அதிர்கிறது, அடியிலிருந்து காற்று வீசுகிறது. சுளகில் புடைப்பதேதான். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், பிவிசியுடையது ஏறக்குறைய 1.4. லேசான பிளாஸ்டிக் காற்றில் மிதந்து கீழ்ப்பக்கம் சரியும். கனத்த செம்பு மேசையோடு ஒட்டி நின்று, அதிர்வில் மேல்பக்கம் ஏறும். துணுக்குகள் ஒரே அளவாக இருப்பது முக்கியம். பெரிய பிளாஸ்டிக் துண்டும் பொடிச் செம்பும் காற்றில் ஒரே மாதிரி நடந்துகொண்டால் பிரிப்பது எங்கே? அலுமினியத்தின் அடர்த்தி 2.7தான், அதைச் செம்பு ஒயரோடு கலக்காமல் முன்பே பிரித்துவிடுவது நல்லது.

கிணற்று மோட்டார் காயில் புகைந்துபோனால் கழிக்கும் கம்பி வேறு ரகம். அதன் எனாமல் பூச்சு மெஷினில் உரியாது. புகையைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள உலைக்கு நேராக அனுப்ப வேண்டியதுதான்.

செம்பு உருகுவது 1085 டிகிரியில். உருக்கிய செம்பிலும் கலப்படம் இருக்குமே? அதைத் தகடாக வார்த்து, கந்தக அமிலமும் காப்பர் சல்பேட்டும் கலந்த தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். செம்பு கரைந்து எதிர்த்தகட்டில் 99.99 சதவீதத் தூய்மையோடு படிகிறது. தொட்டியின் அடியில் தங்கும் சேற்றில் கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் இருக்கும், அதையும் விடமாட்டார்கள்.