மதிப்புசார் கதிரியல்: சொல் விளக்கம்

'வேல்யூ பேஸ்டு ரேடியாலஜி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நான் 'மதிப்புசார் கதிரியல்' என்றுதான் எழுதுகிறேன். இரண்டு சொல்லிலுமே குழப்பம் இருப்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரேடியாலஜி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்து நோயைக் கண்டறிகிற மருத்துவத் துறை. லத்தீனில் 'ரேடியஸ்' என்றால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கதிருக்கும் அதே சொல்தான். நம்முடைய 'கதிர்' என்ற சொல்லும் நெற்கதிர், நூல் நூற்கும் கதிர் என்று கையில் பிடிக்கிற பொருளையும், கதிரவனிடமிருந்து வருகிற ஒளியையும் ஒருசேரக் குறிக்கிறது. அதனால் கதிரியல் என்பது அப்படியே பொருந்துகிறது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் இயற்பியலாளர் ராண்ட்ஜன் கண்டது இன்னதென்று தெரியாத ஒரு கதிர். தெரியாததால்தான் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். தமிழில் அதையே 'ஊடுகதிர்' என்றார்கள், உடலை ஊடுருவிப் போவதால். எனக்கு மிகப் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று அது.

ஆனால் பலர் ரேடியாலஜியைக் 'கதிரியக்கவியல்' என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. கதிரியக்கம் என்பது யுரேனியம், ரேடியம் போன்றவற்றின் அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர் வீசுவது. எக்ஸ்ரே கருவிக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை, மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். அதே துறையில் எடுக்கிற அல்ட்ராசவுண்டு வெறும் ஒலி, எம்.ஆர்.ஐ. காந்தப்புலமும் வானொலி அலையும். வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற பெண், வாசலில் 'கதிரியக்கப் பிரிவு' என்று படித்தால் பயப்படத்தானே செய்வாள்?

சரி, 'வேல்யூ'. இதன் மூலம் லத்தீனின் 'வலேரே'. பொருள்: வலுவாக இருத்தல், உடல்நலத்தோடு இருத்தல். விலை என்ற பொருளெல்லாம் அப்புறம் வந்தது. தமிழில் விலை வேறு, மதிப்பு வேறு. விலை 'வில்' என்ற வினையிலிருந்து வருகிறது, விற்கிறவர் சொல்வது. மதிப்பு 'மதி' என்ற வினையிலிருந்து வருவது, அளந்து எடைபோட்டுப் பார்ப்பது. மதிப்பெண், மதிப்பீடு எல்லாம் அந்த வழிதான். 'பயன்சார்' என்று எழுதலாமே என்று கேட்கலாம். நல்ல சொல்தான், ஆனால் அதில் செலவு விட்டுப்போகிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டெய்ஸ்பெர்கும் 2006இல் வெளியிட்ட நூலில் மதிப்புசார் மருத்துவம் என்ற கருத்தை விரிவாக வைத்தபோது மதிப்பு என்றது, செலவழித்த பணத்துக்கு நோயாளியின் உடல்நிலை எவ்வளவு தேறியது என்பதை. எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி என்று எண்ணிக் காசு வாங்குகிற முறைக்கு நேர் எதிரானது.

இங்கேதான் கதிரியலுக்குச் சிக்கல். ஸ்கேன் யாரையும் குணப்படுத்துவதில்லை. அதைப் பார்த்து மருத்துவர் எடுக்கிற முடிவு மாறியதா, நோயாளிக்கு அதனால் நல்லது நடந்ததா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. ஐரோப்பியக் கதிரியல் கழகம் 2017இல் இதே பெயரில் ஒரு கருத்துரையே வெளியிட்டது. அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களின் அமைப்பான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி' 2012இலேயே, வேறு ஆபத்து அறிகுறி இல்லாத சாதாரணத் தலைவலிக்கு ஸ்கேன் வேண்டாம், குழந்தைக்குக் குடல்வால் அழற்சி என்று சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்டை யோசிக்காமல் நேரே எக்ஸ்ரே கொண்டு எடுக்கிற சி.டி. ஸ்கேனுக்குப் போகாதீர்கள் என்று பட்டியல் போட்டுச் சொன்னது. படம் எடுத்துப் பிழைக்கிற துறையே 'எடுக்காதே' என்று சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதுகுவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்' என்று ஒரு வரி இருக்கும், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று. அதைப் படித்த நாளிலிருந்து மனிதர் குனியவே பயப்படுவார், குடத்தைத் தொடமாட்டார். ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வு ஒன்றில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் அதே பிதுக்கம் இருந்தது. அறிக்கையில் அந்த வரிக்குக் கீழே 'இந்த வயதில் வலியில்லாதவர்களிடமும் இது பரவலாகக் காணப்படுவது' என்று இன்னொரு வரி சேர்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. மதிப்புசார் கதிரியல் என்றால் அந்த இன்னொரு வரியும் சேர்த்துத்தான்.