பிரேக்க விட்டதும் பிரேக் பேட விடுவிக்கிறது எது?

"பிக்கப் வண்டி, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறங்கினாலே முன்பக்கம் கருகின வாடை அடிக்குது, பேட் மாத்தியும் ரெண்டு மாசத்துல திரும்ப அதே வாடை, என்னதான் பிரச்சனை?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார். இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனா அது வண்டியிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்கிட்ட போய் நிக்கும், அதனால ஆசையா எழுதுறேன்.

பிரேக்னா ஓட்டத்த சூடா மாத்துறதுங்குறது பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 2 டன் வண்டி 100 கிலோமீட்டர் வேகத்துல வந்து நின்னா சுமார் 770 கிலோஜூல், அதாவது ரெண்டரை லிட்டர் தண்ணிய கொதிநிலைக்குக் கொண்டுபோற அளவு சூடு. அதே வண்டி லோடோட 3 டன் ஆகி, 500 மீட்டர் இறக்கத்த வெறும் பிரேக்க நம்பியே இறங்கினா அந்த மாதிரி 19 தடவ நிறுத்தின சூடு சேர்ந்துடும். பேடுல, அதாவது வீலோட சுத்துற இரும்புத் தட்ட (டிஸ்க்) ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்குற கட்டையில, இருக்குற பொடியையும் நாரையும் பெரும்பாலும் ஒட்டி வச்சிருக்குறது ஃபீனாலிக் ரெசின், 1907ல பேக்லேண்ட் உருவாக்கின பேக்கலைட்டோட வகையறா. அது 300 டிகிரி வாக்குல சிதையத் தொடங்கும், மூக்குல ஏறுற அந்தக் கார வாடை அதோடதுதான். கிளட்ச் பிளேட்லயும் இதே வகை ரெசின் இருக்குறதால ஏத்தத்துல அரை கிளட்ச்ல நின்னாலும் இதே வாடை வரும், ஏமாந்துடாதீங்க.

புதுசா பேட் போட்ட கொஞ்ச நாளைக்கோ, நீளமான இறக்கம் இறங்கினதும் ரெண்டு பக்கமுமோ வாடை வந்தா பெருசா பயப்பட வேணாம், சின்ன கியர்ல இறங்கிப் பழகினா போதும். ஆனா சமதளத்துல ஓட்டும்போது ஒரே ஒரு வீல் மட்டும் கருகுதுன்னா, கால எடுத்த பிறகும் அந்த வீல்ல பேட் டிஸ்க்க உரசிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.

இப்போதான் என் ரப்பர் வளையம் வருது. டிரம் பிரேக்ல, டிரம்மோட உள்பக்கத்துல உரசுற ஷூவ பின்னாடி இழுக்க தடியா ஸ்பிரிங் இருக்கும், கண்ணால பாக்கலாம். டிஸ்க் பிரேக்ல டிஸ்க்க கவ்வுற பாகம் காலிப்பர், அதுக்குள்ள பிரேக் ஆயில் அழுத்தத்துல பேட தள்ளுற உருளைதான் பிஸ்டன், அத திரும்ப இழுக்க அந்த மாதிரி ஸ்பிரிங்கே கிடையாது! அப்போ எது இழுக்குது? பிஸ்டன சுத்தி ஆயில் கசியாம இருக்க ஒரு சீல் இருக்கே, அதேதான். உங்க முன்னங்கைத் தோல் மேல ஒரு விரல அழுத்தி வச்சு லேசா முன்னாடி தள்ளிப் பாருங்க, தோல் விரலோட ஒட்டிக்கிட்டே கொஞ்சம் வரும், தள்ளுறத நிறுத்தினா விரலையும் சேர்த்துப் பின்னாடி கொண்டுபோகும். சீலும் இதையேதான் செய்யுது, வெட்டிப் பாத்தா சதுரமா இருக்குற அந்த வளையம் பிஸ்டன இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு அது முன்னாடி போகும்போது கூடவே சாயும், காலிப்பர்ல அது உக்காந்திருக்குற பள்ளத்தோட ஓரத்த லேசா சரிவா வெட்டியிருக்குறதே அது சாய இடம் வேணும்னுதான். பெடல விட்டதும் நிமிர்ந்து பிஸ்டன ஒரு மில்லிமீட்டர்ல பத்துல சில பங்கு தூரம் பின்னாடி இழுத்துடும். அவ்வளவுதான் தேவை.

இன்னும் அழகு என்னன்னா, இப்போ விரல இன்னும் கொஞ்ச தூரம் தள்ளுங்க, ஒரு கட்டத்துல தோல் இழுபட்டது போதும்னு விரல் வழுக்கி முன்னாடி போயிடும்ல? பேட் தேய்ஞ்சா பிஸ்டனும் அப்படியே சீல்ல வழுக்கி துளி முன்னாடி போய் புது இடத்துல நிக்குது, அங்கேருந்து திரும்ப அதே சின்ன இடைவெளி. பேட் தேயத் தேய யாரும் திருகி அட்ஜஸ்ட் பண்ண வேண்டியதே இல்ல. ஒரே ரப்பர் வளையம் கசிவையும் தடுக்குது, ஸ்பிரிங்காவும் இருக்கு, அட்ஜஸ்டராவும் இருக்கு, பழைய காலிப்பர் ஒண்ண பிரிச்சு அத கையில எடுத்துப் பாத்த அன்னைக்கு நான் ரொம்ப நேரம் அதையே உருட்டிக்கிட்டு இருந்தேன். உராய்வு, தேய்மானம் பத்தின படிப்புக்கு டிரைபாலஜின்னு பேரு வந்ததே 1966ல பிரிட்டன்ல வந்த ஜோஸ்ட் அறிக்கையிலதான், இந்த மாதிரி ரப்பரையும் கிரீஸையும் ஆராயுறவங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் தாராளமா போகணும்ங்குறது என் உறுதியான கருத்து.

கெடுறது எப்படின்னா, தூசி மறைக்குற ரப்பர் உறை கிழிஞ்சு தண்ணி போய் பிஸ்டன் துருப்பிடிக்கும், இல்ல வளையம் வயசாகி விறைச்சுப் போகும். விறைச்சா நிமிர முடியாது, நிமிரலன்னா உரசும், உரசினா சூடு, சூட்டுல இன்னும் விறைக்கும். பேட் இதுல அடி வாங்குறது மட்டும்தான், அத மட்டும் மாத்துனா ரெண்டு மாசத்துல திரும்ப வராம என்ன செய்யும்?

கண்டுபிடிக்கிற வழி இது. ஹேண்ட் பிரேக் முழுசா இறங்கியிருக்கான்னு பாத்துட்டு, பிரேக்க முடிஞ்சவரை தொடாம ஓட்டி, தானா வேகம் குறைய விட்டு நிறுத்துங்க, ஒவ்வொரு வீல் பக்கத்துலயும் கைய காட்டுங்க, தொட வேணாம், எது தகிக்குதோ அதான். ஆறினதும் ஜாக்கி போட்டு, கீழ ஸ்டாண்டும் வச்சு, வீல சுத்திப் பாருங்க. இறுகியிருந்தா, காலிப்பர்ல ஏர் எடுக்க இருக்குற பிளீடர் நிப்பிள லேசா திறங்க. ஆயில் பீச்சிட்டு வீல் ஃப்ரீ ஆனா உள்ள அழுத்தம் மாட்டியிருக்கு, ஆகலன்னா பிஸ்டனோ காலிப்பர் நகருற பின்னோ துருப்பிடிச்சு இறுகியிருக்கு. அழுத்தம்தான்னா நிப்பிள மூடி, ஒரு தடவ பெடல மிதிச்சு திரும்ப இறுக வச்சு, இந்த தடவ காலிப்பருக்கு ஆயில் கொண்டுவர்ற ரப்பர் ஹோஸுக்கு மேல இரும்புப் பைப் சேர்ற இடத்த தளர்த்துங்க. அப்பவும் வீல் விடலன்னா ஹோஸ்தான், வெளிய பளபளன்னு இருந்தாலும் உள்ள உப்பிப்போய் கால் கொடுக்குற பெரிய அழுத்தத்துக்கு வழி விட்டுட்டு திரும்பி வர்ற சின்ன அழுத்தத்த அடைச்சிடும். விட்டுடுச்சுன்னா கோளாறு மேல, பெடல மிதிச்சா ஆயில்ல அழுத்தம் கொடுக்குற மாஸ்டர் சிலிண்டர் பக்கம்.

சூடான டிஸ்க் மேல தண்ணி ஊத்தினா சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, தயவுசெஞ்சு செய்யாதீங்க, வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் சட்டுன்னு குளிர்ந்தா விரிசல் விடலாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா அங்கேயே நிறுத்திடுங்க, டாட் 3ங்குற வகை பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் உறிஞ்சின பழைய ஆயில் 140லேயே கொதிக்கலாம், அப்புறம் குழாய்ல நிக்கிறது ஆவிதான், மிதிச்சா அதுதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

பின் இறுகியிருந்தா சுத்தம் பண்ணி சிலிக்கான் கிரீஸ் போடுங்க, சாதா கிரீஸ் வேணாம், எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கூட பிரேக் ஆயில் டப்பால விழக்கூடாது, ஏன்னா இந்த சீல்கள் பெரும்பாலும் இபிடிஎம்ங்குற செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறி உப்பிடும். பிஸ்டன் துருன்னா சீல் கிட்டோட பிஸ்டனையும் மாத்துங்க, இல்ல காலிப்பரயே மாத்துங்க, ஹோஸ்னா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்திட்டு, ஏர் எடுத்துட்டு, திரும்ப ஒரு ஓட்டு ஓட்டி ரெண்டு முன் வீல்கிட்டயும் கைய காட்டுங்க, சூடு ரெண்டுலயும் ஒண்ணுபோல இருக்கணும்.