சிக்லோன் என்றால் சூறாவளியா, புயலா?

மொரீசியஸில் காற்று வலுத்தால் தமிழ் வீடுகளிலும் வாயில் வருவது 'சிக்லோன்'தான். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களே அதற்கும் பருவம்.

சொல் பிரெஞ்சு வழியாக நம்மிடம் வந்தாலும், பிறந்த ஊர் கல்கத்தா. கப்பல் கேப்டனாக இருந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் இதை முன்வைத்தார். கிரேக்கத்தில் 'கிக்லோஸ்' என்றால் வட்டம். பாம்பு சுருண்டு கிடப்பதையும் அது குறிக்கும் என்பதாலேயே அவருக்கு அது பிடித்திருந்தது.

அவர் ஆராய்ந்த கப்பல்களில் ஒன்று நம் தீவிலிருந்து புறப்பட்டது. 1845 பிப்ரவரியில் 'சார்லஸ் ஹெடில்' என்ற பாய்க்கப்பல் காற்றுக்கு முதுகு காட்டி ஓடியது. நேராகப் போகிறோம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஐந்து நாளில் ஐந்து தடவை புயலின் மையத்தைச் சுற்றி வந்திருந்தது!

சரி, தமிழில்? 'புயல்' பழைய தமிழில் மேகம், மழை. 'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும்' என்ற குறளில் வருவது நல்ல மழைதான், ஆபத்து இல்லை. 'சூறாவளி' என்பது சூறையும் வளியும் சேர்ந்தது. சூறை என்றால் கொள்ளை மட்டுமல்ல, சுழல்காற்றும்தான். வளி காற்று. பள்ளிப் புவியியல் நூல்களும் 'வெப்பமண்டலச் சூறாவளி' என்றே எழுதுகின்றன. செய்திக்குப் புயல் போதும், கடலுக்குப் போகிறவருக்குச் சூறாவளிதான் சரி என்பது என் கட்சி. ஏனென்றால் அவருக்கு வேண்டியது அந்தச் சுழற்சி. நம் தென்கோளத்தில் அது கடிகார முள் திசையில் சுழலும். காற்றை முகத்தில் வாங்கி நின்றால் மையம் இடக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும்.

மோட்டார் படகில் கிழக்கே உள்ள ரொட்ரீக்ஸ் தீவுக்குப் போகிறவருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. தூரம் 300 கடல்மைலுக்கு மேல். மணிக்கு எட்டுக் கடல்மைல் வேகத்தில் ஒன்றரை நாளைத் தாண்டிவிடும், அதுவும் தென்கிழக்குக் காற்றுக்கு எதிரே, டீசலைக் கூடுதலாகக் குடித்துக்கொண்டு. தீவில் சூறாவளி எச்சரிக்கையின் முதல் படியான முதலாம் வகுப்பு எச்சரிக்கை வருவதே 36 முதல் 48 மணி நேரம் முன்புதான். அது இன்னும் வரவில்லையே என்று நம்பிக் கிளம்பினால் நடுக்கடலில்தான் சூறாவளியைச் சந்திக்க வேண்டும். ஆகவே நவம்பரிலிருந்து மே நடுவரை, வானிலை வரைபடத்தில் வடக்கே ஒரு சின்னச் சுழல் தெரிந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அப்புறம் எஞ்சின். அது நிற்பது பெரும்பாலும் அலை பெரிதாகும் நேரத்தில்தான். துறைமுகத்தில் மாதக்கணக்கில் பாதி காலியாகக் கிடந்த டீசல் டாங்கியில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும், அழுக்கும் அடியில் தங்கும். அமைதியான கடலில் அது தூங்கும். ஆட்டம் கொடுத்தால் கலங்கி எழுந்து ஃபில்டரை அடைத்துவிடும். கிளம்பும் முன் டாங்கி அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். மாற்று ஃபில்டர்களும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பம்புக்கு ஓர் உபரி இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரம்) இருட்டில் தடவினாலே அகப்படும் இடத்தில் இருக்கட்டும்.