டார்ட்மூரின் கல் வளையங்கள்: வீட்டின் கதை மண்ணில் இருக்கிறது

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், டார்ட்மூர் என்றொரு மேட்டு நிலம். மரங்கள் அருகிய, காற்று ஓயாத கருங்கல் பூமி. அங்கே புல்லுக்கு நடுவே தாழ்வான கல் வளையங்கள் தட்டுப்படுகின்றன. ஏறத்தாழ 5,000 இருக்கும். பெரும்பாலானவை வெண்கலக் காலத்து வட்டக் குடில்களின் அடிச்சுவர்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அவற்றுக்குள் அடுப்பு எரிந்தது.

இத்தகைய குடில்கள் கூடிய குடியிருப்புகளில் கிரிம்ஸ்பவுண்ட் புகழ்பெற்றது. சுமார் 450 மீட்டர் உயரத்தில் 24 குடில்கள், சுற்றிலும் ஒரு கல் மதில், உள்ளேயே ஓர் ஓடை. ஒரு குடிலின் வாசலில் நிலைக்கற்கள் இரண்டும் இன்னும் நிற்கின்றன. அவற்றின் முன்னே ஒரு குட்டைச் சுவர் வளைந்து செல்கிறது. மழையோடு வரும் காற்று நேரே வீட்டுக்குள் புகாமல் தடுக்கும் மறைப்பு அது. இவ்வளவு அக்கறையாகக் கட்டியவர்களை நாகரிகம் அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சுவர் தாழ்வாக இருந்தாலும் கூரை உயரமாகக் கூம்பி நின்றிருக்கும். உள்ளே வட்டமாக நட்ட மரக்கால்கள் அதைத் தாங்கின. உச்சியில் புகைபோக்கித் துளை தேவையில்லை. வைத்தால் காற்று மேலே இழுத்துத் தீப்பொறி கூரையைப் பற்றும். புகை வேய்ந்த புல்லின் ஊடே மெல்லக் கசிந்துவிடும். இத்தகைய குடில்களை இன்று மறுபடி கட்டிப் பார்த்தவர்கள் கண்டறிந்தது இது.

மரமும் புல்லும் மக்கிப்போயின. அமில மண் எலும்பையும் கரைத்துவிட்டது. ஆனால் அதே மண்ணில் கரித்துண்டும், பானை ஓடும், மகரந்தத் துகளும் தங்குகின்றன. கரி காலத்தைச் சொல்லும். மகரந்தம் காடு குறைந்து மேய்ச்சல் நிலம் பெருகிய கதையைச் சொல்லும். எது எந்த அடுக்கில் கிடந்தது என்பது கலைந்தால் இரண்டும் ஊமையாகிவிடும்.

அதனால்தான் பெரணிச் செடிக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்கடியில் பரவி அடுக்குகளைப் பிளக்கிறது. பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாப்புக்காக அரசு பட்டியலிட்ட தொல்லிடத்தை அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும். பெரணிக்குச் சட்டம் ஏது? அதை மிதித்து ஒடுக்குபவை மாடுகளும் மட்டக் குதிரைகளும்தான். வேலி போட்டு அவற்றை விரட்டினால் புதர் மூடிவிடும். அளவுக்கு மீறி விட்டாலோ, சுவரோரம் ஒதுங்கும் குளம்புகளே மண்ணைச் சேறாக்கும். மந்தையின் அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதே இங்கு அன்றாடக் காவல்.

கிரிம்ஸ்பவுண்டில் 1894இல் அகழ்ந்தவர்கள் குடில் தரைகளைத் தோண்டி, சில சுவர்களை மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். ஆர்வத்தில் குறைவில்லை. ஆனால் கரியை வைத்து வயதைக் கணிக்கும் முறை வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அன்று அள்ளிய மண்ணை இன்று திரும்ப ஆராய வழியில்லை. நல்லவேளை, மேட்டு நிலத்தின் பெரும்பாலான வளையங்களில் இதுவரை மண்வெட்டி இறங்கவில்லை.