வீடு ஒன்று, அடுப்பு வேறு

செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' வழக்கம். இருப்பதென்னவோ அதே வளவு வீட்டில்தான். அடுப்பு மட்டும் தனி. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா வீட்டில் அம்மான்மார் மூவருக்கு மூன்று அடுப்புகள் எரிந்தன. ஓர் எலி ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்த அடுப்புகள்தான் நினைவுக்கு வந்தன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் குடல் நுண்ணுயிர்களை ஆராய்பவர் ஜெஃப்ரி கார்டன். நுண்ணுயிரே படாமல் வளர்த்த எலிகள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் உண்டு. சாதாரண எலியின் குடல் நுண்ணுயிர்களை அவற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. தின்றதோ முன்பைவிடக் குறைவு! 2004-இல் வெளியான முடிவு இது.

எப்படி? செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நுழைந்தால் கட்டு கட்டாகக் கடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். குடலும் அப்படித்தான். சோற்றின் மாவுச்சத்து, நெய், மீனின் புரதம் எல்லாம் முன்கட்டான சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். நார்ச்சத்தை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. அது அப்படியே பின்கட்டுக்கு, அதாவது பெருங்குடலுக்குப் போகிறது. நம் உடலில் வாழும் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடியிருப்பது அங்கேதான். கார்டன் குழுவினர் 2003-இல் மரபணுத் தொகுதியை வாசித்த ஒரு குடல் பாக்டீரியாவிடம் மட்டும், நார்ச்சத்து போன்ற சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதிகளுக்கான மரபணுக்கள் 200-க்கும் மேல் இருந்தன.

பெருங்குடல் பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்க வைக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இவையும் கலோரிதான், எலி கொழுத்ததில் இவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள். 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களையும் இந்த அமிலங்கள் சுரக்கத் தூண்டுகின்றன. பியூட்டிரேட் என்ற பெயரே வெண்ணெயிலிருந்து வந்தது. அப்படியானால் இன்னொரு கரண்டி நெய் ஊற்றிக்கொள்ளலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். நெய்யில் உள்ளது முன்கட்டைத் தாண்டாது.

இனி அடுப்புக் கதை. 2013-இல் இதே குழு, ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டைச் சகோதரிகளின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து எலிகளுக்குக் கொடுத்தது. பருமனானவரின் நுண்ணுயிர் போன எலி கொழுத்தது, மற்றது கொழுக்கவில்லை. பிறகு இரண்டையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும் (நம் வளவில் அந்த அளவுக்கு ஒற்றுமை கிடையாது). ஒல்லி எலியின் பாக்டீரியாக்கள் மற்றதன் குடலில் குடியேறின. அதுவும் கொழுக்காமல் தப்பியது. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனியைப் போட்டபோதோ அந்தக் குடியேற்றம் நடக்கவில்லை. கூண்டு அதே கூண்டு. தீனிதான் வேறு.

மனிதருக்கும் இது பொருந்துமா? ஆம்ஸ்டர்டாமில் ஒல்லியானவர்களின் குடல் நுண்ணுயிர்களைப் பருமனான ஆண்களுக்கு மாற்றிப் பார்த்தார்கள். 6 வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, எடை குறையவில்லை. 2017-இல் வந்த தொடர் ஆய்வில் 18-ஆவது வாரத்துக்குள் அந்தப் பலனும் மறைந்துவிட்டது. எலிக்கு நடந்ததெல்லாம் நமக்கு நடந்துவிடாது.

'செட்டிநாட்டு உணவு' என்று பலகை மாட்டிய கடைகளில் கோழியும் எண்ணெயும் மிளகும்தான். அந்தத் தட்டில் பின்கட்டுக்குப் போகும் சரக்கு சொற்பம். ஆயா அன்றாடம் வைத்ததோ மொச்சை போட்ட வெண்டைக்காய் மண்டி, வாழைத்தண்டு, கீரை. ஊறிய பழைய சோற்றையும் சேர்க்கலாம். வெந்து ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, சிறுகுடலுக்கு வசப்படாமல் போகிறது.

கவுனி என்னும் கறுப்பரிசியைச் சொல்லாமல் விட்டால் ஊரில் கோபிப்பார்கள். முதல் நாளே ஊற வைத்தும் நெடுநேரம் வேகாமல் அடம்பிடிப்பது தவிடு நீங்காததால்தான். ஆனால் அதில் நாங்கள் கொட்டும் சர்க்கரையும் நெய்யும் முன்கட்டிலேயே செலவாகிவிடும். பின்கட்டில் காத்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்தக் கருந்தோல்தான்.