படியெடுத்தால்தான் படம் மிஞ்சும்

அக்காவின் கல்யாணம் 2006இல் நடந்தது. ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு இரண்டு சிடிக்களும் கொடுத்தார். இரண்டின் மேலும் பால்பாயிண்ட் பேனாவால் மணமக்கள் பெயரையும் தேதியையும் அழுத்தி எழுதியிருந்தார். அவற்றைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினோம். 2019இல் தாத்தா இறந்தபோது, அவர் சிரித்த முகமாக இருக்கும் படம் ஒன்று வேண்டும் என்று தேடினோம். கல்யாணத்தில் அவர் சிரித்துக்கொண்டே திரிந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. சிடிக்களை எடுத்துப் போட்டால், ஒன்றில் பாதிப் படங்கள் திறக்கவில்லை. இன்னொன்றைக் கணினி அடையாளமே காணவில்லை.

பதின்மூன்று வருடம் யாரும் தொடாத பொருள் எப்படிக் கெடும்? அந்தக் கேள்வியோடுதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

கடையில் வாங்கிய பாட்டு சிடியில் தகவல் சின்னச் சின்னக் குழிகளாக அச்சாகியிருக்கும். நாம் எழுதும் சிடியில் குழி கிடையாது. அதில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தை அங்கங்கே சுட்டு நிறம் மாற்றுகிறது. படிக்கும்போது, எங்கே ஒளி திரும்பி வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்க்கிறது. சாயம் என்றாலே வெளுக்கும். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்றுதான் நாம் கவனமாக இருப்போம். அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பெயர் எழுதும் மேல்பக்கத்தில் உலோகப் படலத்துக்கு மேல் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. பால்பாயிண்ட் பேனாவால் அங்கே அழுத்தி எழுதுவது, படங்கள் இருக்கும் இடத்தையே கீறுவது போல.

சரி, சிடி பழைய காலம், இப்போது பென் டிரைவ் இருக்கிறதே என்று தோன்றலாம். பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி (புதுக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வருவது), கையில் இருக்கும் போன் எல்லாம் ஒரே குடும்பம். உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் இதற்கு அடிப்படை போட்டார்கள். 1980களில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா அதை ஃபிளாஷாக வளர்த்தெடுத்தார். சுற்றிலும் மின்காப்புச் சுவர் எழுப்பிய ஒரு குட்டி அறையைக் கற்பனை செய்யுங்கள். அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்துவிடுகிறார்கள். அடைபட்டிருக்கின்றனவா இல்லையா என்பதுதான் 0, 1. இப்படி ஒரு 0 அல்லது 1தான் ஒரு பிட். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை உள்ளேயே கிடக்கும். அதனால்தான் படங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடிகிறது.

ஆனால் அந்தச் சுவரின் தடிமன் பத்து நானோமீட்டர் அளவுதான். எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் தேயும். சூடு கூடினால் கசிவும் கூடும். போதாததற்கு, விலையைக் குறைப்பதற்காக ஒரே அறையில் 3 பிட், 4 பிட் என்று திணிக்கிறார்கள். டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது எளிது. அதே டம்ளரில் 16 மட்டம் குறித்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்டால், துளி ஆவியானாலும் பதில் மாறிவிடும். 4 பிட் ஃபிளாஷில் நடப்பது இதுதான்.

ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு எஸ்எஸ்டிகளுக்கு ஒரு தரம் வைத்திருக்கிறது. வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் தகவலை வைத்திருக்க வேண்டும். ஒரு வருடம்தான்! அதிகம் எழுதப்படாத புது எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு தாங்கும், உண்மைதான். ஆனாலும் மொட்டைமாடி அறையில், தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் இரும்பு பீரோ மே மாதத்தில் 30 டிகிரியோடு நிற்குமா? பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான். வருடக்கணக்கில் வைத்துக் காக்க அது ஏற்றதல்ல.

ஹார்ட் டிஸ்க் வேறு மாதிரி. சுழலும் தட்டின் மேல் காந்தத் துகள்கள். அவை எந்தத் திசையில் காந்தமாகியிருக்கின்றன என்பதே தகவல். காந்தம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. பிரச்சினை இயந்திரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டுக்கு மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல் ஒரு ஊசிமுனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே 50,000 நானோமீட்டருக்கு மேல். ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. விழாவிட்டாலும் மோட்டார் தேயும், மின்பலகை கெடும். ஐந்து வருடம் தாண்டிய ஹார்ட் டிஸ்க்கை நான் நம்புவதில்லை. ஆனாலும் வீட்டில் நிறையப் படங்களைச் சேர்த்துவைக்க, கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பதே என் எண்ணம்.

ஆகவே, 'எதில் போட்டு வைத்தால் ஐம்பது வருடம் இருக்கும்?' என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. இதே சிக்கலை நம் ஊரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சமாளித்திருக்கிறார்கள். பனையோலை சில நூறு வருடம் தாங்கினாலே பெரிது. கரையான் அரிக்கும், ராமபாணப் பூச்சி துளைக்கும், ஓலை முறியும். இருந்தும் சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. ஓலை நைந்துபோகும் முன்பு யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, புது ஓலையில் படியெடுத்துக்கொண்டே வந்ததுதான் காரணம். படியெடுக்க ஆள் கிடைக்காத நூல்கள் பெயர் மட்டும் மிஞ்சிப் போய்ச் சேர்ந்தன.

படியெடுக்கும்போது கை தவறும். ஒரே பாட்டு இரண்டு சுவடிகளில் இரண்டு விதமாக இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன்பு பல சுவடிகளைத் தேடிச் சேர்த்து வரிவரியாக ஒப்பிட்டதற்கு இந்தப் பாடபேதம்தான் காரணம். டிஜிட்டல் படத்தின் பெரிய பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. படி என்பது அச்சு அசலாக மூலமே. நூறாவது படிக்கும் முதல் படிக்கும் ஒரு பிட் கூட வித்தியாசம் இருக்கத் தேவையில்லை.

'தேவையில்லை' என்றுதான் சொல்கிறேன். கேபிள் பழுது, நினைவகப் பழுது, டிஸ்க்கில் கெட்ட இடம் என ஏதோ ஒன்றால் நடுவில் ஒரு பிட் மாறிவிடலாம். படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் பரவலான முறை ஜேபெக். அந்த ஜேபெக் படத்தில் ஒரே ஒரு பிட் மாறினால் என்ன ஆகும் தெரியுமா? ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1974இல் நடராஜன், ராவ் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட கணித முறையால் மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை உதறுகிறது. மிச்சத்தை, அடிக்கடி வரும் எண்ணுக்குக் குட்டையான குறி, அரிதாக வருவதற்கு நீளமான குறி என்று நெருக்கி அடுக்குகிறது. குறிகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஆகவே ஓரிடத்தில் பிட் மாறினால் அதற்கப்புறம் எந்தக் குறி எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பிப்போகலாம். பாதிப் படம் நன்றாக இருந்து, அதற்குக் கீழே சாம்பல் பட்டையாகவோ ஊதா நிறமாகவோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதை இதுதான்.

கெட்டதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்க்க வேண்டாம். எஸ்எச்ஏ-256 என்று ஒரு கணக்கு இருக்கிறது. படம் எவ்வளவு பெரியதானாலும் அதை அரைத்து 64 எழுத்துக்குறிகளாக ஒரு கைரேகை தரும். படத்தில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுக்க வேறாகிவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் இதற்கான கட்டளை கூடவே வருகிறது; இலவச மென்பொருள்களும் உண்டு. சேமிக்கும் அன்றே கைரேகைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், வருடம் கழித்துக் கணினியே எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எந்தப் படம் கெட்டது என்று சொல்லிவிடும். சாமிநாதையர் வருடக்கணக்கில் செய்த ஒப்பீட்டை இது ஒரே இரவில் செய்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கெட்டது தெரிந்தால் மட்டும் போதுமா? மாற்றிக்கொள்ள நல்ல படி வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஒரே அலமாரியில் மூன்று படி இருந்தால் மூன்றும் சேர்ந்துதான் நனையும். பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் இரண்டையும் இழந்தார்கள்.

கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக நிறுவனங்களின் கணினிகளில் படங்களைப் போட்டுவைக்கும் சேவைக்கு வருவோம். அங்கே உள்ளே நடக்கும் பொறியியல் அழகானது. 7, 5, 9 என்று மூன்று எண்களை மூன்று பெட்டிகளில் வைக்கிறேன். நான்காவது பெட்டியில் கூட்டுத்தொகை 21. எந்த ஒரு பெட்டி காணாமல் போனாலும் மற்ற மூன்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960இல் கண்டுபிடித்த முறை இதையே பல பெட்டிகளுக்கு விரிக்கிறது. ஃபேஸ்புக் 2014இல் விவரித்த ஒரு சேமிப்பு முறையில், தகவலின் 10 துண்டுகளுக்கு 4 துணைத் துண்டுகள். இந்தப் பதினான்கில் எந்த நான்கு போனாலும் படம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். வீட்டில் நாம் இதைச் செய்வது கடினம். கிளவுடில் இது இருப்பதால், டிஸ்க் பழுதாகி அங்கே படம் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இல்லை.

என் பயமெல்லாம் கணக்கைப் பற்றியது. பாஸ்வேர்டு மறக்கலாம், ஓடிபி வரும் பழைய நம்பர் கைமாறலாம், சந்தா கட்டாமல் விடலாம். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டது. 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டும் படங்களும் வீடியோக்களும் சர்வர் மாற்றியபோது போய்விட்டன என்று மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019இல் அறிவித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனும் கிளவுடும் தானாக ஒத்துப்போவதைப் பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. இடம் காலி செய்யப் போனில் அழித்தால், பல சமயம் கிளவுடிலும் அழியும். கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் 60 நாள், ஐகிளவுடில் 30 நாள். அதற்குள் கவனித்தால் உண்டு.

கூகுளுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய ஜிமெயில்கள் எல்லாப் படிகளிலும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. காப்பாற்றியது காந்த நாடா. கணினி வலையோடு சேராமல் தனியாக இருந்ததால் பிழை அதைத் தொடவில்லை. படி எடுத்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள் என்று நான் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்வதற்கு இதுவே காரணம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும், கழற்றி வைத்த டிஸ்க்கை எட்டாது.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் உதிரும். உறவினரிடம் படம் கேட்கும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சரஸ்வதி பூஜைக்கு ஏடுகளை எடுத்துத் தூசி தட்டி அடுக்கும் வழக்கம் இருந்ததே, அந்த நாளையே நான் எடுத்துக்கொண்டேன். ஆயுத பூஜை விடுமுறையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் வெளியே எடுப்பேன். ஒன்று என் வீட்டில், இன்னொன்று மதுரையில் அக்கா வீட்டில். மூன்றாவது படி கிளவுடில். கைரேகை சரிபார்ப்பேன், அந்த வருடத்துப் படங்களைச் சேர்ப்பேன், ஐந்து வயது தாண்டிய டிஸ்க் இருந்தால் புதிதுக்கு மாற்றுவேன். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, மூடிய உறையில் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஆப்பிளும் கூகுளும், நமக்குப் பிறகு கணக்கை யார் திறக்கலாம் என்று குறித்துவைக்க இடம் தருகின்றன, அதையும் செய்துவிட்டேன்.

ஒரு டிபி (ஆயிரம் ஜிபி) படியெடுக்க, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டரை மணி நேரமாவது ஆகும். குட்டிக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் நீளும். அந்த நேரத்தில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, யார் யார் என்று கேட்டு, அதே ஃபோல்டரில் ஒரு கோப்பில் தட்டச்சு செய்கிறேன். போன வருடம் கல்யாண சிடியில் தப்பிய படம் ஒன்றில், தாத்தாவுக்குப் பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. இந்த வருடம் பெரியத்தை வருகிறார். அவரிடம் கேட்க வேண்டும்.