பின்னூட்டம்: சொல் விளக்கம்

பின்னூட்டம் (பெயர்ச்சொல்): ஒரு செயலின் விளைவு பற்றிய செய்தி, அச்செயலைத் திருத்திக்கொள்ள உதவும்படி, செய்பவரிடமே திரும்பிச் சேர்வது. ஆங்கிலத்தில் ஃபீட்பேக். மொரீஷியஸில் கிரியோலும் பிரெஞ்சும் புழங்கும் நம் வீடுகளில் பலர் இதையும் ‘கிரித்திக்’ என்றே சொல்லிவிடுகிறோம். குறை சொல்லும் வாடை அதில் தூக்கல். முதல் கப்பல் மாதிரியைக் கட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளையிடம் அந்தச் சொல்லோடு போனால், நாம் வாய் திறக்கும் முன்பே அவன் முகம் சுருங்கிவிடுகிறது.

ஃபீட்பேக் பொறியியலில் பிறந்த சொல். 1920-களில் வானொலி, தொலைபேசித் துறையினர் அதைப் புழங்கினார்கள். 1927-இல் ஹரால்டு பிளாக் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒலிபெருக்கச் சுற்றின் வெளியீட்டில் ஒரு சிறு பகுதியை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால் பிறழ்வு குறையும் என்று கண்டார். அதுதான் எதிர்மறைப் பின்னூட்டம். அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, சொல் உயிரினங்களுக்கும் மனித உறவுகளுக்கும் பரவியது.

இங்கே ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். எதிர்மறைப் பின்னூட்டம் என்றால் கடுஞ்சொல் என்று பலர் நினைக்கிறார்கள். மூலத்தில் ‘எதிர்’ என்பது பிறழ்வுக்கு எதிர். ஆளுக்கு எதிர் என்ற பொருள் அதில் இல்லவே இல்லை. நேர்மறைப் பின்னூட்டமோ பிறழ்வைப் பெருக்குவது: ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் எழும் வீறிடல் அதனால் வருவது. தாமதமாகத் திரும்பும் பின்னூட்டமும் சுற்றை நிலைகுலையச் செய்யும். ஆக, அளவில் சிறிது, நேரத்தில் உடனடி, பிறழ்வை மட்டும் குறிவைப்பது. இந்த மூன்றும் சேர்ந்ததே நல்ல பின்னூட்டம் என்பது என் துணிபு.

தமிழ்ச்சொல்லைப் பிரித்தால் பின் + ஊட்டம். காண் என்பதற்குக் காட்டு போல, உண் என்பதற்குப் பிறவினை ஊட்டு. ஆங்கிலச் சொல்லின் முதற்பாதியும் உணவு கொடுப்பதைக் குறிப்பதே என்பதால், பெயர்ப்பு அழகாகப் பொருந்துகிறது. ‘பின்’ என்பதில்தான் சிக்கல். ‘பின்னோக்கி’ என்ற பொருளில் வந்த அது ‘பின்னர்’ என்றும் கேட்கிறது. வேலை முடிந்த பிறகு சொல்வதே பின்னூட்டம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

கியூர்பிப் பகுதியில் 1960-களின் இறுதியில் தொடங்கிய கப்பல் மாதிரித் தொழில் இன்று இத்தீவின் அடையாளங்களில் ஒன்று. 1744-இல் நம் வடகிழக்குக் கரையருகே மூழ்கிய சேன் ஜெரான் என்ற கப்பலின் மாதிரியைக் கண்ட பிள்ளைகளுக்கு, வீட்டிலும் ஒன்று கட்டும் ஆசை வருவது இயல்பு. அப்படிக் கட்டுபவன் ஏராவில், அதாவது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டையில், வங்குகள் எனப்படும் விலாச்சட்டங்களைப் பொருத்திவிட்டு, ஆர்வத்தில் இடப்பக்கத்துக்கே மூன்று பலகைகளை ஒட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முன்மூக்கில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ‘கோணலாகப் போகிறதே’ என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து அவன் என்ன செய்வான்? ‘அருமை’ என்றால் அடுத்த கப்பலும் வளையும். சொல்ல வேண்டியது இது: “தம்பி, வங்குகளை ஒரே மட்டமாக இழைத்திருக்கிறாய், அதனால்தான் நடுவில் பலகை சந்தில்லாமல் படிந்திருக்கிறது. இப்போது வலப்பக்கம் மூன்று ஒட்டு. இனி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றியே ஒட்டு, இல்லாவிட்டால் ஏரா ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். மூக்குக்குப் போகும் நுனியைக் கத்தியால் சீவி ஒடுக்கு.” ஏறிய இடங்களை மக்கு (மரத்தின் இடுக்குகளை நிரப்பும் பசை) வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவன் கப்பலைத் தூக்கிப் போடமாட்டான். இன்னும் கட்டாத பாய்மரம் பற்றி அன்றைக்குப் பேச வேண்டியதில்லை.

வேறு சொற்கள்? விமர்சனம் வடசொல், ஆராய்தல் என்பது அதன் பொருள், இன்று தீர்ப்பு என்ற சாயல் ஏறிவிட்டது. திறனாய்வு முடிந்த படைப்புக்கு உரியது. இடித்துரை பழைய சொல், குறளிலேயே அதன் வேர் உண்டு. ஆனால் அது நெறி தவறும் நண்பனுக்கும் அரசனுக்கும் உரிய வன்மை, புதிதாகக் கற்பவனுக்குத் தாங்காது. கருத்து என்பது பொதுச்சொல்.

வழக்கு: பின்னூட்டம் கொடு, பின்னூட்டம் கேள், பின்னூட்டம் பெறு. ‘பின்னூட்டமிடு’ இணையத்தில் எழுதுவதற்குப் பொருந்தும். பட்டறை மேசையருகே ‘கொடு’ என்பதே இயல்பு.